ஜீப்பை விட்டு இறங்கிய சத்தம்

போடியிலிருந்து மேட்டுக்கு ஏறும் ரோடு தொடங்குகிற இடத்தில், அபுதாகிர் ராவுத்தரின் பட்டறையில், அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே கால் மணிக்கு இருந்தவர்கள் மொத்தம் பதினாறு பேர்: ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் பெண்கள் பன்னிரண்டு பேர், அவர்களில் ஒருத்தி புதிதாக லைசென்ஸ் எடுத்திருந்த ஒச்சம்மாள், மலைக்கு அந்தப் பக்கமிருந்து விற்பதற்காக ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்த பவுலோஸ், எதிர்க்கடைத் தையல்காரர் தங்கமாரி, அவருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, டீ கொடுத்துவிட்டுக் காலி டம்ளருக்காக நின்ற அழகுராசா, அப்புறம் ராவுத்தர். ஒரு வெள்ளாடும் நின்றது. அது யாருடையது என்று தெரியாததால் கணக்கில் சேராது.

ஜீப்புக்கு வயது இருபத்திரண்டு. பச்சை பெயிண்ட் உரிந்த இடத்தில் வெள்ளை தெரிந்தது, வெள்ளை உரிந்த இடத்தில் இன்னொரு பச்சை தெரிந்தது. டயர் நன்றாக இருந்தது, பிரேக் நன்றாக இருந்தது, ஹாரன் தேவைக்கு அதிகமாகவே நன்றாக இருந்தது. கியர்பெட்டியில் ஒரு சத்தம் இருந்தது. அந்தச் சத்தம் சகஜமா, இல்லையா என்று சொல்வதற்குத்தான் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். டீ குடிப்பதற்கு முன்பே பாதிப்பேர் சொல்லியும் விட்டார்கள்.

"வெறும் வண்டியில கியர் வாயத் தெறக்காது. எல்லாரும் ஏறுங்க, பாரம் வேணும்" என்றார் ராவுத்தர்.

ஒச்சம்மாள் ஓட்டுகிற சீட்டில் உட்கார, மற்றவர்கள் இருபுறமும் எதிரெதிராக முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும், யாரும் சொல்லாமலே, தலை எண்ணினார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மூடுபனி நாளில் ஒருத்தியைத் தோட்டத்து வாசலிலேயே விட்டுவிட்டுப் பாதி மலை இறங்கிய பிறகு வந்த பழக்கம் அது. ஒவ்வொருத்திக்கும் ஒரு எண் உண்டு, வண்டி நகர்வதற்கு முன் அவளவள் தன் எண்ணைத் தன் வாயால் சொல்ல வேண்டும், சொல்லாத எண்ணுக்காக வண்டி நிற்கும். ஒச்சம்மாள் ஒன்று, மூத்தவள் அங்காயி இரண்டு, அப்படியே போய் ஆறு வரும். ஆறுக்குப் பிறகு ஒரு மூச்சு நேரம் யாரும் பேச மாட்டார்கள். அதற்குப் பிறகு ராமுத்தாய் எட்டு என்பாள், கடைக்குட்டி செல்லக்கொடி பதிமூன்று என்று முடிப்பாள். ஏழு பவுன்தாயியின் எண். இரண்டு வருஷத்துக்கு முன் பதினோராவது கொண்டை ஊசியில் காண்டிராக்டரின் ஜீப் இறக்கத்தில் கியர் கழன்று கவிழ்ந்ததில் பவுன்தாயி இறந்துபோனாள். அவள் எண்ணை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, அடுத்தவர்கள் ஒரு எண் கீழே நகரவும் இல்லை. வெளியாள் கேட்டால் யாரோ சொல்ல மறந்துவிட்டாள் என்று நினைப்பான். அவர்களுக்கோ அந்த மௌனம் வந்தால்தான் கணக்கு சரி.

ஒச்சம்மாள் முதல் கொண்டை ஊசி வரை ஓட்டினாள், திருப்பினாள், இறங்கி வந்தாள். முதல் கியரில் ஏறும்போது அவள் காலடியிலிருந்து ஒரு முனகல் எழுந்தது, வண்டி வேகம் பிடிக்கப் பிடிக்க அதுவும் குரலை உயர்த்திக்கொண்டது, அந்த முனகலுக்குள்ளே எங்கேயோ ஒரு இடத்தில் அது கால் இடறியது.

"எங்க வீட்டு மனுசன் கொறட்டைக்கு இது எவ்வளவோ தேவல" என்றாள் அங்காயி, இறங்கிக்கொண்டே.

"அப்ப அவருக்கும் ஒருதடவ ஆயில் மாத்திப் பாப்பமா பெரியம்மா?" என்றாள் செல்லக்கொடி.

ராவுத்தர் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பேசினார். "நியூட்ரல்ல நிக்கிறப்ப கேட்டு, கிளட்ச்ச மிதிச்சா நிக்குதுன்னா பெட்டிக்குள்ள பேரிங்கு. மிதிச்சாத்தான் வருதுன்னா கிளட்ச் பேரிங்கு. எல்லாக் கியர்லயும் கேட்டா முதல்ல ஆயிலப் பாக்கணும். ஒரே கியர்ல கேட்டா அந்தக் கியரு."

"இது ஒண்ணுல மட்டும்தான பாய் கேக்குது?" என்றாள் ஒச்சம்மாள்.

"ஒண்ணுல மட்டும்தான். ஆனா இந்தப் பழைய மாடல்ல ஒண்ணும் ரிவர்ஸும் நேர்ப்பல்லு, சாய்ச்சு வெட்டாத பல்லு. அது ரெண்டும் ஊளையிடத்தான் செய்யும், பிறவிக் குணம்."

"அப்ப சகஜமா?"

"சகஜமாவும் இருக்கலாம். அந்தக் கியராவும் இருக்கலாம்."

"பாய் முப்பது வருஷமா இதத்தான் சொல்றாரு, ஒருக்காலும் தப்பாப் போனதில்ல" என்றார் தங்கமாரி.

"நடுவுல என்னமோ விடுது பாய்" என்றாள் ஒச்சம்மாள்.

"என்ன விடுது?"

"தெரியல. ஓட்டத்துல பிடிபடல."

ராவுத்தர் ஜீப்புக்கு அடியில் படுத்து, கியர்பெட்டியின் அடிப்போல்ட்டைக் கழற்றினார். ஆயில் கறுப்பாகச் சட்டியில் விழுந்தது, பிறகு நூலாக விழுந்தது, பிறகு சொட்டாக விழுந்தது, கடைசிச் சொட்டுக்குப் பின்னால் சத்தம் இறங்கியது. பார்வைக்கு அது ஒன்றுமில்லை, காதுக்கு மட்டும் முழங்கால் உயரம் இருந்தது. சட்டியின் விளிம்பில் ஒரு நிமிஷம் நின்று முனகியது. பெண்களின் கால்களுக்கு நடுவே புகுந்து வெளியே வந்தது, வெள்ளாடு ஒதுங்கி வழிவிட்டது. ரோட்டோரம் வந்து, மூணாறு பஸ் போகும்வரை நின்று, பஸ் போனதும் குறுக்கே கடந்து தங்கமாரியின் கடைக்குள் ஏறித் தையல் மிஷினில் உட்கார்ந்துகொண்டது.

"போச்சு. கல்யாண ஜாக்கெட்டு பாதியில கெடக்கு" என்று தங்கமாரி ஓடினார்.

ராவுத்தர் சட்டியில் காந்தத்தை விட்டுப் பார்த்தார். வெள்ளிப்பொடி மாதிரி கொஞ்சம் இரும்புத்தூள் ஒட்டியது. பழைய வண்டியில் இவ்வளவு வராமல் போனால்தான் சந்தேகப்பட வேண்டும் என்றார். புது ஆயில் ஊற்றி ஓட்டிப் பார்த்தார்கள். நான்கு கியரிலும் ரிவர்ஸிலும் துளிச் சத்தம் இல்லை, பிறவிக் குணம் என்று சொன்ன ஊளைகூட இல்லை.

"கேட்டோ சேச்சி, பூனைக்குட்டி நடக்கிற மாதிரி இல்லே?" என்றார் பவுலோஸ். "சனிக்கிழமை மூணு மணி வரைக்கும் வண்டி இங்கே நிக்கும். அதுக்கு மேலே நெடுங்கண்டத்திலே வேற ஆளு காத்திருக்காரு."

அடுத்த காய் எடுப்பு அந்தச் சனிக்கிழமை கழித்த திங்கட்கிழமை தொடங்குகிறது. அதற்குள் சொந்த வண்டி இல்லையென்றால் பன்னிரண்டு பேரும் பழையபடி காண்டிராக்டர் வண்டியில், பதினான்கு பேர் கொள்ளும் இடத்தில் இருபத்தாறு பேராக ஏற வேண்டும். பதினோரு பேர் அப்போதே வாங்கிவிடலாம் என்றார்கள். ஒச்சம்மாள் சனிக்கிழமை சொல்கிறேன் என்றாள்.

"சத்தம் இருந்தப்ப சத்தம்னே. இப்ப சத்தமே இல்ல. இன்னும் என்னத்தடி யோசிக்கிற?" என்றாள் அங்காயி.

"அது போன எடத்துல போயி கேட்டுட்டு வர்றேன் பெரியம்மா."

திங்கட்கிழமை முழுவதும் சத்தம் தையல் மிஷினில் இருந்தது. தங்கமாரி முதல் ஒரு மணி நேரம் வைதார், இரண்டாவது மணி நேரம் அதற்கேற்ப மிதித்தார், மதியத்துக்குள் கல்யாண ஜாக்கெட்டை முடித்து, தையல் முன்னைவிடச் சீராக விழுவதாகச் சொன்னார். செவ்வாய்க்கிழமை அது நான்கு வீடு தள்ளி ஒரு கிரைண்டரில் ஏறியது. மாவு ஆட்ட வந்தவர்கள் உளுந்து நன்றாகப் பொங்குகிறது என்று சொல்லி அடுத்த நாளைக்கும் ஊறப்போட்டார்கள். புதன்கிழமை பள்ளிக்கூடத்து மூன்றாம் வகுப்பின் காற்றாடியில் இருந்தது. டீச்சர் அதன் தாளத்துக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க, பிள்ளைகள் அன்று பதினாறாம் வாய்ப்பாடு வரை போனார்கள். வார்டு கவுன்சிலர் வந்தார், இது நகராட்சியின் கீழ் வருமா போக்குவரத்தின் கீழ் வருமா என்று யோசித்தார், கடைசியில் தன் வீட்டு மோட்டாருக்கும் ஒருநாள் வரட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அது வந்த வீட்டுக்காரர்கள் வராத வீட்டுக்காரர்களிடம் பெருமை பேசினார்கள், வராத வீட்டுக்காரர்கள் வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்துவிட்டு, எங்கள் கிரைண்டருக்கு என்ன குறைச்சல் என்று கேட்டார்கள். வியாழக்கிழமை தேனியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் தெருவுக்குள் நுழைந்ததும் நின்று, என்ன சத்தம் இது என்று கேட்டார்கள். டீக்கடையிலிருந்தும் மாடியிலிருந்தும் குழாயடியிலிருந்தும் தெருவே ஒரே குரலில் பதில் சொன்னது:

"அது சகஜந்தான்."

ஒச்சம்மாள் அப்போது குழாயடியில்தான் நின்றாள், அந்தச் சொல்லைக் கேட்டதும் குடத்தை நிரம்பாமலே எடுத்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க அவள் ஒரு இடத்தில் உட்காரவில்லை. தையல்கடை வாசலில் நின்று கேட்டாள், கிரைண்டருக்குப் பக்கத்தில் குனிந்து கேட்டாள், பள்ளிக்கூட ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டதில் டீச்சர் எந்தப் பிள்ளையின் அம்மா என்று விசாரித்தாள். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோவாள், வந்து பார்த்தால் காய்ந்து கிடக்கும். ஒவ்வொரு மிஷினிலும் அந்த இடறலைக் கேட்டாள், எண்ணத் தொடங்கினாள், மிஷின்கள் அவள் எண்ணுவதைவிட வேகமாகச் சுற்றின.

இரண்டு வருஷத்துக்கு முன், காண்டிராக்டர் வண்டியில், அவள்தான் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மூன்று மாதமாக அந்த வண்டி முனகிக்கொண்டிருந்தது. என்ன சத்தம் அது, பின்னால் கேட்கிறார்கள் என்று அவள் டிரைவரிடம் கேட்டாள். சகஜம் என்றான் அவன். அவள் திரும்பி, சீட்டுக்கு மேலாகத் தலையை நீட்டி, "சகஜமாம்டி, பேசாம வாங்க" என்று பின்னால் சொன்னாள். கேட்டவள் பவுன்தாயி. அவளுடைய மதினி, அண்ணன் பெண்டாட்டி. "நீ சொன்னாச் சரி" என்று அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சாய்ந்துகொண்டாள். பதினோராவது கொண்டை ஊசிக்கு அதிலிருந்து எட்டு நாள் இருந்தது. இதை ஒச்சம்மாள் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஓட்டக் கற்றுக்கொண்டாள், ஒருதடவை எட்டுப் போடுவதில் தோற்று, இரண்டாம் தடவை லைசென்ஸ் வாங்கினாள்.

வெள்ளிக்கிழமை சத்தம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பால்ச்சாமியின் கரும்புச்சாறு மிஷினில் ஏறியது. கையால் சுற்றுகிற பெரிய சக்கரம் அது. பால்ச்சாமி சக்கரத்தில் ஒரு கதம்பச்சரம் கட்டியிருந்தார், வியாபாரம் இரண்டு மடங்கு என்றார்.

"அண்ணே, ஒரு நிமிசம் நான் சுத்திக்கிறேன்" என்றாள் ஒச்சம்மாள்.

"கரும்பு வெக்காம சுத்துனா மிஷின் கெட்டுப்போகும் தாயி."

"வைங்க, ஒரு கிளாஸ் குடிக்கிறேன்."

பிடியைப் பிடித்து, பஞ்சு நூற்கிற மாதிரி மெல்லச் சுற்றினாள். கரும்பு நசுங்கிச் சாறு சொட்டுச் சொட்டாக விழுந்தது. அந்த வேகத்துக்குச் சத்தமும் மெதுவாகி, முனகல் தனித்தனியாகப் பிரிந்தது. ஒரு முனகல், அடுத்த முனகல், அதற்கடுத்த முனகல். வட்டத்துக்கு எது தொடக்கம் என்று தெரியாததால் கேட்ட இடத்திலிருந்து விரலை மடக்கினாள். ஆறு முனகல் வந்தது. ஒரு இடம் வெறுமையாகப் போனது. பிறகு மறுபடி ஆறு. மறுசுற்றும் அதே ஆறு, அதே வெறுமை, அதே ஆறு. மூன்று தடவை சுற்றினாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சீக்கிரம் ஆகட்டும் என்றார்கள்.

அந்த வரிசையில் ராமுத்தாயும் நின்றாள். சாய்ந்த தலையோடு கேட்டுவிட்டு, முகம் மலர்ந்து சொன்னாள்.

"என்னத்த இப்படி ஆராயிற? சரியாத்தான அக்கா போகுது. நம்ம மாதிரியே எண்ணுது."

ஒச்சம்மாளின் கை சக்கரத்தில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஜீப்பைக் கேட்ட மற்றப் பதினோரு பேரும் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. அவர்களுக்கு அது ஓட்டையாகவே கேட்கவில்லை. தினமும் சாயங்காலம் தாங்களே வாயை மூடி உண்டாக்கிய அதே இடம். சாற்றைக் குடிக்காமல் ராமுத்தாயின் கையில் கொடுத்துவிட்டுப் பட்டறைக்கு நடந்தாள்.

"பாய், ஒண்ணாம் கியருக்கு எத்தன பல்லு?"

"எந்தப் பல்லு? மேல பெருசு இருக்கு, கீழ சிறுசு இருக்கு."

"சிறுசுக்கு."

"பதிமூணு."

"பெட்டியத் தெறக்கணும் பாய்."

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குப் பவுலோஸ் வந்தபோது ஜீப்பின் தரைத்தகடு கழற்றப்பட்டிருந்தது. அவர் தலையில் கைவைத்தார். "எந்தா பாய் இது? சத்தமே இல்லாத வண்டியைப் பிரிக்கிறது எங்கயாவது உண்டா?"

"சத்தம் இல்லாததுனாலதான் பிரிக்கிறேன். ஊளையிட வேண்டியது ஊளையிடல. அதுவும் நோய்தான" என்றார் ராவுத்தர்.

பெண்களும் வந்துவிட்டார்கள். அங்காயி நேராக ஒச்சம்மாளிடம் வந்தாள். "நாளக்கழிச்சு காய் எடுப்பு. நீ இப்படிப் பிரிச்சுப் போட்டா வண்டி எப்ப கூடும்? உனக்கு ஓட்டப் பயம்னா சொல்லிரு. வேற ஆளு போட்டுக்கறோம்."

"பயந்தான் பெரியம்மா."

"அப்புறம் எதுக்கு லைசென்சு எடுத்த?"

ஒச்சம்மாள் கீழே பார்த்துக்கொண்டு, டிரைவர் சொன்னதையும், தான் திரும்பிச் சொன்னதையும், மதினி நீ சொன்னாச் சரி என்றதையும், முந்தானையையும், எட்டு நாளையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். ரோட்டில் மூன்று லாரிகள் போயின.

"நாங்களும் கேட்டோம்ல, எங்க காதுலயும்தான விழுந்துச்சு" என்றாள் அங்காயி, கடைசியில், குரல் இறங்கி.

"கேட்டீங்க. இதையும்தான் கேட்டீங்க. என்ன சொன்னீங்க?"

ராவுத்தர் அதற்குள் சக்கரத்தை வெளியே எடுத்திருந்தார். நீளத்தண்டில் கோத்த நாலைந்து பல்சக்கரங்கள், எல்லாவற்றிலும் சிறியது ஒரு ஓரத்தில். பெஞ்சில் பழைய துணி விரித்து வைத்தார், பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஒச்சம்மாள் கையமர்த்தினாள்.

"எல்லாரும் ரோட்டப் பாத்துத் திரும்பி நில்லுங்க. நான் ஸ்பேனரால ஒவ்வொரு பல்லாத் தட்டுறேன். வண்டியில சொல்ற மாதிரி அவங்கவங்க நம்பரச் சொல்லிட்டே வாங்க."

"பாத்தா ஒரு நொடியில தெரிஞ்சுறப் போவுது" என்றாள் செல்லக்கொடி.

"பாத்தா எனக்குத் தெரியும். நமக்குக் காதுல தெரியணும்டி. மேட்டுல பெட்டியத் தெறந்தா பாப்போம்?"

திரும்பி நின்றார்கள். பவுலோஸும் என்ன நினைத்தாரோ, திரும்பி நின்றார். ஒச்சம்மாள் தட்டி, ஒன்று என்றாள். தட்டினாள், இரண்டு என்றாள் அங்காயி. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. தட்டினாள். ஒரு மூச்சு நேரம் யாரும் பேசவில்லை, ஸ்பேனரின் ஓசை மட்டும் பட்டறைக்குள் சுற்றி வந்தது. தட்டினாள், எட்டு என்றாள் ராமுத்தாய். ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. அதற்குப் பிறகு ஸ்பேனர் தட்டவில்லை. தட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் தன் முறை வந்த பழக்கத்தில் செல்லக்கொடி, கணீரென்று, "பதிமூணு" என்றாள்.

"பதிமூணு! பாய் சொன்ன கணக்கு சரியாச்சல்லோ!" என்றார் பவுலோஸ்.

ராவுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒச்சம்மாளைத் தவிர அவர் ஒருவர்தான் பெஞ்சைப் பார்த்து நின்றவர். "இருந்த பல்லு ஒண்ண எண்ணாம விட்டீங்க. இல்லாத பல்லு ஒண்ண எண்ணிட்டீங்க" என்றார்.

பெண்கள் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தார்கள். சிறிய சக்கரத்தில் ஒரு இடம், ஆயிலில் நனைந்து, விரல் நுழைகிற அளவுக்கு மொழுக்கென்று இருந்தது. செல்லக்கொடி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"பவுலோஸ் அண்ணே, இந்தச் சக்கரம் மாறாம நாங்க ஏற மாட்டோம்" என்றாள் ஒச்சம்மாள். பவுலோஸ் சக்கரத்தைப் பார்த்தார், பன்னிரண்டு பெண்களைப் பார்த்தார், சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, நெடுங்கண்டத்துக்காரரிடம் வண்டி வராது என்று மலையாளத்தில் சொன்னார்.

"இன்னொருக்கா எண்ணுவோம்" என்றாள் ஒச்சம்மாள். "ஏழையும் சொல்லி."

"அது பவுனு நம்பரு" என்றாள் ராமுத்தாய். "அதச் சொன்னா அவ எங்கிட்டு உக்காருவா?"

"அவ எடத்துல நாம ஓட்டைய உக்கார வெச்சிருக்கோம் ராமு. நாளைக்கு உண்மையாவே ஒருத்தி வரலைன்னா நமக்குக் கேக்கவா செய்யும்?"

ராமுத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துத் திரும்பினாள். எல்லோரும் திரும்பினார்கள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. ஆறு. ஸ்பேனர் தட்டியது, ஒரு மூச்சு போனது, ஒச்சம்மாள் அடுத்த பல்லுக்கு நகரவில்லை, அதே பல்லை மறுபடியும் தட்டினாள், மூன்றாம் தடவையும் தட்டினாள். "ஏழு" என்றாள் ராமுத்தாய், அழுதுகொண்டே, ரோட்டிலிருந்த லாரிக்காரன் திரும்பிப் பார்க்கிற சத்தத்தில். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியும் தனக்குப் பழக்கமில்லாத எண்ணை, வழுக்குப் பாறையில் கால் வைக்கிற மாதிரி, தொட்டுத் தொட்டுச் சொன்னாள்: எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. ஸ்பேனர் கடைசிப் பல்லைத் தட்டியது. செல்லக்கொடி பதிமூன்று என்று வந்த வாயை மூடி, ஒன்றைக் குறைத்துச் சொன்னாள். ஸ்பேனர் அடுத்த இடத்துக்கு நகர்ந்து காற்றில் நின்றது, இந்தத் தடவை அதற்கு யாரும் எண் சொல்லவில்லை, பன்னிரண்டு பேருக்கும் அது கேட்டது. இருந்தது பன்னிரண்டு.